'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டமும் ஒரு பாய்லர்காரரும்

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், போன வாரம் மேசையில் குவிந்து கிடந்த விண்ணப்பங்களை எனக்குக் காட்டினார். இன்றைய பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு நானேதான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில் பாதிப் பேருக்கு மேல், பேசிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் 'நெகோஷியபிள்' என்று எழுதியிருக்கிறார்கள். மிச்சப் பேரில் பலர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாரும் பட்டம் வாங்கிய பிள்ளைகள்! அந்தக் கட்டம் எதற்காக அங்கே இருக்கிறது என்று நினைக்கிறார்கள்? அழகுக்கா?

நான் ஈப்போவில், சிம்பாங் பூலாய் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலையில் கிளார்க்காகச் சேர்ந்தவள். ஆள் எடுக்கும் பிரிவில்தான் முதல் நாள், அங்கேயேதான் கடைசி நாளும். எண்பதுகளில் அந்தப் பிரிவு என் பொறுப்புக்கு வந்தபோது, இந்தக் கட்டத்தில் நான் படிக்காத பதில் இல்லை. 'கம்பெனியின் கருணை' என்று ஒருவர் எழுதினார். 'குடும்பம் நடத்தும் அளவு' என்று இன்னொருவர். எங்கள் சிலிபின் வட்டாரத் தேவாலயத்தில் பாட்டுக் குழுவில் பாடும் பையன் ஒருவன் 'கர்த்தர் சித்தம்' என்று எழுதிக் கொடுத்தான். நானும் கிறிஸ்தவள்தான். ஆனால் கர்த்தர் எங்கள் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதில்லையே தம்பி என்று சொல்லி, வேறு தாள் கொடுத்து அவனை எழுத வைத்தேன்.

சிரிக்காதீர்கள். இந்தக் கட்டத்தைப் பற்றிப் பிறரைத் திட்டுவதற்கு எனக்கே தகுதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கடந்திருந்தது. என் மேலதிகாரி ஒரு யாழ்ப்பாணத் தமிழர். அவர் பெயர் இங்கே வேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, மேசையில் கூர் சீவிய மூன்று பென்சில்கள். தொழிலாளர் சட்டப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். ஊழியர் சேமநிதியில் ஒரு காசு குறைந்தாலும் விட மாட்டார். ஒரு முறை ஓவர்டைம் கணக்கில் பன்னிரண்டு காசு பிழை என்று ஒரு கூட்டுகிற அம்மாவைத் தேடிப்பிடித்து, அந்தப் பன்னிரண்டு காசை அவரே கையில் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ஆளை எவ்வளவு மலிவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மலிவாக எடுப்பது. அதில் அவருக்குக் குற்ற உணர்வே கிடையாது. கேட்டதைவிடக் குறைத்துக் கொடுத்தால் பேரம். கேட்காதவனுக்குக் குறைத்துக் கொடுத்தால் அது அவன் விருப்பம். இதுதான் அவருடைய நியாயம்.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு பாய்லர்கள். பூட்ஸ் அச்சுகளை வேக வைக்க நீராவி வேண்டும். பாய்லரைக் கொளுத்த, அரசாங்கச் சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில் இருந்தே ஆக வேண்டும். பழைய பாய்லர்காரர் ஓய்வு பெற்றுப் போக, பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். ஈப்போ ஆட்கள் யாருக்கும் தேவையான உயர்ந்த படிச் சான்றிதழ் இல்லை. கடைசியில் பீடோர் பக்கத்திலிருந்து வீரய்யா வந்தார்.

அங்கே ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பதினான்கு வருஷம் பாய்லர் பார்த்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஆலையை மூடிவிட்டார்கள். நாற்பது வயதுக்குப் பக்கம். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், தோட்டத்துத் துரை கொடுத்த நற்சாட்சிக் கடிதம். நான் கொடுத்த படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக நிரப்பினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"மிஸ், இந்த எடத்துல என்னா எழுதணும்?"

எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம்தான்.

"ஒங்களுக்கு எவ்வளவு வேணுமோ அத எழுதுங்கண்ணே."

"அத நா எப்டி சொல்றது? தோட்டத்துல நூத்தித் தொண்ணூறு வெள்ளி வந்துச்சு. கூட எழுதுனா பேராசக்காரன்னு நெனப்பாங்க. கொறச்சு எழுதுனா ஊட்ல திட்டு. நீங்க சொல்லுங்க மிஸ்."

எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு முன்னூறு வெள்ளியிலிருந்து நானூற்றி இருபது வரை கொடுக்கலாம் என்று இயக்குநர்கள் ஒப்புதல் தந்த தாளை நானே டைப் செய்து கோப்பில் வைத்திருந்தேன். அதை வெளியே சொல்லக் கூடாது என்பது கட்டளை. சொல்லவும் பயம், பேசாமல் இருக்கவும் மனமில்லை. புத்திசாலித்தனமாக நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"காலியா விட்ருங்கண்ணே. உள்ள போயி பேசிக்கலாம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மட்டமான யோசனை அதுதான். நல்லது செய்ததாக வேறு நினைத்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நேர்காணலில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். அதிகாரி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாய்லரைப் பற்றி நாலைந்து கேள்வி கேட்டார். வீரய்யா தயங்காமல் பதில் சொன்னார். அந்தப் பேச்சில் அவர் வேறு ஆளாக இருந்தார். பிறகு அதிகாரி படிவத்தைத் திருப்பினார்.

"இதிலை நீர் ஒண்டும் எழுதேல்லை. எவ்வளவு வேணும் உமக்கு?"

"ஐயா பாத்துப் போடுங்க."

"முந்தி எவ்வளவு எடுத்தனீர்?"

"நூத்தித் தொண்ணூறுங்க ஐயா."

"அப்ப ஐம்பது வெள்ளி கூட்டித் தாறன். இருநூற்றி நாற்பது. சரியோ?"

வீரய்யாவின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று கும்பிட்டார். என் பென்சில் தாளிலேயே நின்றுவிட்டது. முன்னூறுக்குக் கீழே போவார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் போன பிறகு கேட்டேன்.

"சார், முன்னூறிலருந்துதானே ஒப்புதல் இருக்கு?"

"முன்னூறு குடுக்கலாம் எண்டுதான் இருக்கு, பிள்ளை. குடுக்க வேணும் எண்டு இல்லை. மனுசன் சந்தோசமாப் போறார். உமக்கு என்ன கவலை?"

கடிதத்தை டைப் செய்தேன். இருநூற்றி நாற்பது.  டைப் செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீரய்யா மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிலிபினுக்கு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பலகை வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில் அவர் மனைவி அஞ்சலையைப் பார்ப்பேன். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். முதலில் சிரித்துப் பேசினார். அப்புறம் பேச்சு குறைந்தது. அக்கம்பக்கத்தில் துணி துவைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஐம்பது வெள்ளி கூடக் கிடைத்தும் ஏன் இந்த இழுபறி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, வேலை கூடியதால் வீரய்யாவுக்குத் துணையாக இன்னொரு பாய்லர்காரர் தேவைப்பட்டார். ராஜு என்று ஈப்போ டவுன் பையன் வந்தான். இருபத்தைந்து வயது, நீள முடி, மணிக்கட்டில் பெரிய கைக்கடிகாரம். சான்றிதழ் வீரய்யாவுடையதைவிட ஒரு படி கீழே. வீரய்யாவின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம், தனியாகக் கொளுத்த முடியாது. அவன் அந்தக் கட்டத்தில் நானூற்றி ஐம்பது என்று பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தான். அதிகாரி முணுமுணுத்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கடைசியில் நானூறுக்கு ஒத்துக்கொண்டார். அவன் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்:

"அவர் கேக்கேல்லை, நான் குடுக்கேல்லை. இவன் கேட்டவன், குடுத்தனான். இதிலை என்ன பிழை?"

எனக்கு வந்த எரிச்சலில் யாரை முதலில் திட்டுவது என்றே தெரியவில்லை. இவரையா? கேட்கத் தெரியாத அந்த மனுஷனையா? காலியாக விடச் சொன்ன என்னையா?

வீரய்யா இரண்டு வாரம் ராஜுவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பழக்கினார். எந்த வால்வு இறுகும், எந்த மீட்டர் பொய் சொல்லும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ராஜு அவரிடம் மரியாதையாகத்தான் இருந்தான். அண்ணே, அண்ணே என்று பின்னாலேயே திரிவான். அந்தப் பாசத்தில்தான் வினை வந்தது. அவன் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டான். ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனான்.

கடைக்காரர் இரண்டு பேருடைய சம்பளச் சீட்டையும் கேட்டார். இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வீரய்யாவுடைய சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "இவர் காஜி பத்தாதுலா. வேற ஆள் கொண்டு வா" என்றாராம். ஜாமீன் போடும் அளவுக்குக்கூட அவர் சம்பளம் போதாது என்று அர்த்தம். ராஜுதான் பிறகு இதை என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணே எனக்கு மேல எடுக்கறாருன்னுதான் நா நெனச்சிக்கிட்டு இருந்தேன் மிஸ்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை காலை வீரய்யா வேலைக்கு வரவில்லை.

ஏழரைக்குத் தெரிந்துவிட்டது. புகைபோக்கியில் புகை இல்லை. அந்த வாரம் பெரிய ஆர்டர் ஒன்று கப்பலேற வேண்டும். அச்சுகளில் பூட்ஸ் வரிசையாக நிற்கின்றன, வேக வைக்க நீராவி இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உற்பத்தி மேலாளர் சீனர், நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் கத்திய கத்தலில் அலுவலகக் கண்ணாடி அதிர்ந்தது. "ராஜுவைக் கொளுத்தச் சொல்லுங்கள்! யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?"

எங்கள் அதிகாரி எழுந்து நின்றார். "சட்டப்படி செய்யேலாது. நான் இருக்கும்வரை நடக்காது" என்றார், அவ்வளவுதான். அந்த மனிதரை முழுக்க வெறுக்க முடியாமல் போனதற்கு இப்படிப்பட்ட சமயங்களே காரணம்.

பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, வானை எடுத்துக்கொண்டு சிலிபினுக்குப் போம். ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும். முன்னூறு தாறம் எண்டு சொல்லும். அதுக்கு மேலை வாயைத் திறக்காதேயும். விளங்குதோ?"

விளங்கியது. கம்பெனியின் வான் வண்டியை ஓட்டியவர் மாட். மலாய்க்காரர், ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

வீரய்யா வீட்டில் பெட்டி திறந்திருந்தது. சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பீடோர் பக்கம் ஓர் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலை தூக்கும் காண்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாராம். உயர்ந்த படிச் சான்றிதழ் வைத்திருக்கும் மனிதர், குலை தூக்க! என்னைப் பார்த்ததும் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மிஸ். தப்பா நெனைக்காதீங்க. கோவமெல்லாம் இல்ல. அவங்க குடுத்தாங்க, நா வாங்கிக்கிட்டேன். தப்பு எம்மேலதான். ஆனா அந்தக் கடையில நின்னனே மிஸ்... அதுக்கப்புறம் அந்தப் பையன் மொகத்துல முழிக்க முடியல."

"அண்ணே, சம்பளத்த முன்னூறு ஆக்கறதா சொல்றாங்க. வாங்க, போலாம்."

"முன்னூறா?" கையிலிருந்த சட்டையைப் பெட்டி மேல் வைத்தார். "அறுவது வெள்ளி கூடவா? அப்ப சரி மிஸ், நா..."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவரைக் கூட்டிப் போவதற்காகவே வந்தவள் நான். அவர் சரி என்று சொன்னதும் எனக்கே கோபம் வருகிறது!

"இருங்க." சமையல்கட்டு வாசலில் அஞ்சலை ஈரக் கையோடு நின்றிருந்தார். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "மிஸ், ஒண்ணு கேக்கவா? இந்த வேலைக்கு இவ்வளவுலருந்து இவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்னு ஆபீஸ்ல எழுதி வச்சிருப்பீங்கள்ல? தோட்டத்துலயே கணக்கெழுதற கிராணி வச்சிருப்பாரு. அது எவ்ளோ?"

வெளியே வானின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தொழிற்சாலை நின்றுகிடக்கிறது. இங்கே ஓர் அம்மா நேராக ஒரு கேள்வி கேட்கிறார். சொன்னால் என் வேலை போகலாம். அப்பா படுக்கையில் இருந்த காலம் அது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தெரியாது என்று சொல்லிவிடலாம், அவர் நம்பியிருப்பார். ஆனால் முன்னொரு நாள் நடுவழி கண்டுபிடித்து நான் செய்த காரியத்தின் பலன் அந்தத் திறந்த பெட்டியில் மடித்து அடுக்கிக் கிடந்தது.

"முன்னூறிலருந்து நானூத்தி இருவது வரைக்கும்," என்றேன். "அண்ணனுக்கு மொதல் நாள்லருந்தே முன்னூறு குடுத்திருக்கணும். அந்தக் கட்டத்தக் காலியா விடச் சொன்னதும் நாந்தான்கா."

 வீரய்யாதான் முதலில் பேசினார். "நீங்க நல்லதுக்குத்தான மிஸ் சொன்னீங்க?"

அந்த மனுஷனுக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அஞ்சலை அப்படி விடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்பது வெள்ளி கூடன்னு இவரு சந்தோசமா ஓடி வந்தாரு. தோட்டத்துல கையிலதான் மிஸ் நூத்தித் தொண்ணூறு. வீடு சும்மா, தண்ணி சும்மா, வெறகு சும்மா. பின்னால கீரை, மொளகா, மரவள்ளி. புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா தோட்டத்து டிரெஸ்ஸரு மருந்து குடுப்பாரு. எனக்கும் பால் வெட்டு இருந்திச்சு. இங்க வந்து வாடகையே அறுவத்தஞ்சு. தண்ணிக்கு பில்லு, லைட்டுக்கு பில்லு, கீரைக்கும் காசு. இதயெல்லாம் ஒங்க ஆபீஸ்ல யாரும் கேக்கலியா?"

யாரும் கேட்கவில்லை. முந்தைய சம்பளம் என்ன என்று கேட்டோம். அந்தச் சம்பளத்தோடு என்னவெல்லாம் சேர்ந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஐம்பது வெள்ளி உயர்வு என்று நாங்கள் கொடுத்தது உண்மையில் பெரிய குறைப்பு. புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதில் இத்தனை கூட்டுகிறேன், அத்தனை கூட்டுகிறேன் என்று யாராவது உங்கள் எதிரில் கணக்குப் போட்டால், அஞ்சலையின் கீரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, பெட்டிய மூடுங்க," என்றேன். "நானூத்தி இருவது கேளுங்க. ஒங்க சான்றிதழ் ராஜுவோடதுக்கு மேல. தொகைய ஒரு தடவ சொல்லுங்க, அப்புறம் பேசாதீங்க. அவ்வளவுதான்."

"நானூத்தி இருவதா? ஐயா கோவிச்சிக்க மாட்டாரா?"

"கோவிச்சிக்கட்டும்," என்றார் அஞ்சலை.

வானில் ஏறியதும் ஒத்திகை பார்த்தோம். ஆண்டவரே! ஒரு எண்ணைச் சொல்ல ஒரு மனிதருக்கு இவ்வளவு கஷ்டமா?

"நாந்தான் அதிகாரி. எவ்வளவு வேணும் ஒங்களுக்கு?"

"நானூத்தி இருவது வேணுங்கய்யா... இல்லாட்டி ஒங்க இஷ்டம்."

"அந்த 'இல்லாட்டி' வேணாம்ணே. திரும்பச் சொல்லுங்க."

"நானூத்தி இருவது. குடும்பம் கொஞ்சம் கஷ்டம்ங்கய்யா, புள்ளைங்க படிப்பு..."

"குடும்பத்த இழுக்காதீங்க! கஷ்டத்துக்கா காசு கேக்கறீங்க? வேலைக்குத்தான கேக்கறீங்க!"

"நானூத்தி இருவது. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

மாட் பிரேக்கைப் போட்டார். வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார். "அண்ணே, பாய்லர்ல எவ்ளோ பிரஷர் இருக்குன்னு ஒன்கிட்ட கேட்டா, கொஞ்சம் முன்னப்பின்னன்னு சொல்லுவியா? நம்பரச் சொல்லிட்டு நிறுத்துலா!"

வீரய்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானூத்தி இருவது." நிறுத்தினார். மாட் திரும்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். மூன்று வருஷம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அலுவலகத்தில் அதிகாரி உட்காரச் சொன்னார். உற்பத்தி மேலாளர் கதவுக்கு வெளியே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். நான் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தாளைச் செருகினேன்.

"மிஸ் சொன்னவவோ? முன்னூறு. சரிதானே?"

"நானூத்தி இருவது," என்றார் வீரய்யா.

அதிகாரி நிமிர்ந்தார். வீரய்யா வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய இரண்டு கைகளும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

"முன்னூற்றி ஐம்பது."

பதில் இல்லை. வீரய்யா என் பக்கம் திரும்பினார். நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணைப் பார்த்தால் நானே ஏதாவது உளறிவிடுவேன் என்று பயம்.

"முன்னூற்றி எண்பது. பாரும், இது நல்ல தொகை."

வீரய்யா வாயைத் திறந்தார்.  போச்சு, 'ஐயா பாத்து' என்று சொல்லப் போகிறார்.

"ராஜுவுக்கு நாந்தான்யா சொல்லிக் குடுத்தேன்," என்றார்.

அதை உரக்கச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.  கதவுக்கு வெளியே நடை நின்றிருந்தது.

"நானூற்றி இருபது," என்றார். "டைப் பண்ணும், பிள்ளை."

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீரய்யா பாய்லர் அறைக்குப் போனார். பத்தரைக்கெல்லாம் புகைபோக்கியில் புகை கிளம்பியது. ஆர்டர் ஒரு நாள் தாமதமாகப் போனது. கப்பல் காத்திருந்ததா, அடுத்த கப்பலில் போனதா, நினைவில்லை. வீரய்யா அதற்குப் பிறகு அங்கே வருஷக்கணக்கில் வேலை செய்தார். அந்த எட்டு, ஒன்பது மாதச் சம்பள வித்தியாசத்தைத் திருப்பித் தரவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. சொல்லிப் பார்த்தேன். "விடுங்க மிஸ்" என்றுவிட்டார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிற்காலத்தில் பிரிவு என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, விளம்பரத்திலேயே சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போட்டதுதான். இயக்குநர்கள் குதித்தார்கள். ஒப்புதல் தந்த அளவுக்குக் கீழே யாருக்கும் கடிதம் டைப் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். நீங்கள் உங்கள் முதலாளிகளிடம் இதைச் செய்ய வைக்க முடியுமோ முடியாதோ தெரியாது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கட்டத்தைக் காலியாக விட்டால், அதை உங்கள் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்காதீர்கள். அவரை எண்ணைச் சொல்ல வையுங்கள். குறைத்துச் சொன்னால், அளவு இதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். நடுவில் புத்திசாலித்தனமாக வழி கண்டுபிடிக்காதீர்கள்.

அன்றைக்கு நடந்ததில் மிச்சம் ஒன்று இருக்கிறது. வீரய்யா போனதும் அதிகாரி கதவைச் சாத்தினார்.

"உச்சத் தொகை அவருக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நாந்தான் சார் சொன்னேன்."

அவர் கத்தவில்லை. ரகசியத்தை வெளியிட்டதற்காக எனக்கான எச்சரிக்கைக் கடிதத்தை, அவர் சொல்லச் சொல்ல என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பிரிவில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் எச்சரிக்கைக் கடிதத்தை நானே மூன்று பிரதி அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, கையெழுத்துக்காக அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேறை ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார்.

நான் அங்கே மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தது இருநூற்றி பத்து வெள்ளி. நான் சேர்ந்தபோது எழுதிய படிவம், அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் எழுதவில்லை.

"இருக்கு சார். என் சம்பளத்தப் பத்திப் பேசணும்."

"இண்டைக்கோ?"

"இன்னைக்குத்தான் சார்."

அவர் பேனாவை மூடினார். "சரி. எவ்வளவு?"

 அப்பாவின் மருந்துச் செலவைச் சொல்லலாம் என்று தோன்றியது. தம்பியின் படிப்பைச் சொல்லலாம் என்று தோன்றியது. இன்று சொன்னது போதும், இன்னொரு நாள் பேசலாம் என்றும் தோன்றியது. வானில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனுஷனை அப்படி விரட்டினேனே, எவ்வளவு சுலபமாக இருந்தது அது!

"முன்னூறு," என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.